மொத ஆளா போவேன்

என் அண்ணனுக்குத் தெரியாத சண்டை உலகத்தில் கிடையாது. நேரில் பார்த்த சண்டைதான் ஒன்றுகூட இல்லை. பிரெஞ்சு ராணுவத்தில் சேர்ந்து, பணிக்காலம் முழுவதும் அடுப்படியில் நின்று, போன ஊரிலெல்லாம் வெங்காயம் உரித்துவிட்டு, பென்ஷனோடு புதுச்சேரிக்குத் திரும்பி மூலக்குளத்தில் மாடி வீடு கட்டினவர் அவர். குறையாகச் சொல்லவில்லை. அவர் கரண்டி பிடித்துத்தான் எங்கள் குடும்பம் நிமிர்ந்தது. ஆனால் டி.வி.யில் ஒரு பீரங்கி தெரிந்துவிட்டால் போதும், மனுஷன் தளபதியாகிவிடுவார்.

எங்களைப் போன்ற குடும்பங்களை இந்த ஊரில் சொல்தா வீடு என்பார்கள். சொல்தா என்றால் பிரெஞ்சில் சிப்பாய். தாத்தா சொல்தா, அப்பா சொல்தா, அண்ணன் சொல்தா. எனக்கும் பிரெஞ்சுப் பாஸ்போர்ட் உண்டு. கான்வென்ட் பள்ளியில் கணக்கு டீச்சராகவே காலம் போய்விட்டதால் பிரான்ஸைக் கண்ணால் பார்த்ததில்லை. எங்கள் வீடுகளில் ராணுவம் என்றால் யாருக்கும் சண்டை ஞாபகம் வராது. லீவில் வரும்போது கொண்டுவரும் சென்ட் பாட்டில், சீஸ் டப்பா, பிறகு பென்ஷன், கல்யாண வீட்டில் முன்வரிசை நாற்காலி, அவ்வளவுதான் ராணுவம். பையன் பட்டாளத்துக்குக் கிளம்புகிறான் என்றால் தெருவே வந்து கை கொடுத்துவிட்டுப் போகும். மூன்று தலைமுறையாக எங்கள் வீட்டிலிருந்து போனவர்கள் எல்லாரும் திரும்பி வந்துவிட்டார்கள். அதனால் போனால் திரும்பி வருவதுதான் வழக்கம் என்று நாங்கள் நம்பிவிட்டோம்.

அண்ணனுக்கு ஒரே பையன். அவன் மூன்றாம் வகுப்புப் படிக்கும்போது அண்ணி போய்விட்டார். அண்ணன் வெளிநாட்டில், நானோ பிள்ளை இல்லாதவள், அதற்குள் தாலியும் இறங்கியிருந்தது. பையன் என்னிடம் வந்துவிட்டான். காய்ச்சல் வந்தால் என் முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டுதான் தூங்குவான். பெத்தால்தான் பிள்ளையா, போங்கள். மீசை அரும்பியதும் அவனும் பிரான்ஸுக்குப் போய் ராணுவத்தில் ஒப்பந்தம் போட்டுச் சேர்ந்தான். தெருவே வந்து கை கொடுத்தது. நானும் பூந்தி வாங்கிக் கொடுத்தேன்.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு பழக்கம் வந்தது. சர்ச்சில் பூசை முடிந்து நான் அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவேன். சமையல் அவருடையது, வாய் என்னுடையது. சாப்பாட்டு மேசையில் தண்ணீர்க் கூஜாவில் ஃபோனைச் சாய்த்து வைப்போம். அதில் பையன் வருவான். எங்களுக்கு மத்தியானச் சாப்பாடு, அவனுக்குக் காலைக் காப்பியும் ரொட்டியும். ஃபோனுக்கு முன்னால் அவனுக்கென்று ஒரு தட்டு போட்டுப் பரிமாறுவேன். அவன் சாப்பிட மாட்டான்தான், ஆனால் பார்க்க வேண்டும் அவனுக்கு.

"அத்தை, நண்டுக் கால ஒட. சத்தம் கேக்கணும்" என்பான்.

நான் கடித்து உடைப்பேன். அங்கே பட்டாளத்துப் பையன் எச்சில் விழுங்குவான்.

அந்த மேசைக்கு நான்காவது ஆளாக ஒருவர் வருவார். அண்ணனோடு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், லெபனானில் ஐ.நா. அமைதிக் காவல் பணியில் இருந்தவர். அதனால் எங்களுக்கு அவர் லெபனான்காரர். கேலி பேசாமல் அவரால் ஒரு வாய் சோறு இறக்க முடியாது.

ரஷ்யாவும் உக்ரைனும் மோதிக்கொண்டதும் மேசையில் நண்டு போய் சண்டை வந்தது. மற்ற நாடுகள் இறங்கலாமா கூடாதா என்று பிரெஞ்சு டி.வி.யில் கோட்டு போட்டவர்கள் வாரக்கணக்கில் வாதாடினார்கள். எங்கள் மேசையிலும் அதுவே.

"பக்கத்து வூட்டுக்காரன் செவுத்த இடிச்சினு உள்ள வந்து உக்காந்துக்கினான்" என்று அண்ணன் தட்டைத் தள்ளிவிட்டு ஆரம்பிப்பார். "தெருவுல இருக்கறவன்லாம் ஜன்னல் வழியா கத்தி எடுத்துக் குடுக்கறான், கட்டை எடுத்துக் குடுக்கறான். ஒருத்தனாவது எறங்கி வர்றானா? இது என்னா நியாயம்?"

"கத்தி விக்கறவன் எதுக்கு எறங்கி வருவான்?" என்பார் லெபனான்காரர். "ஊரு ரெண்டுபட்டா கூத்தாடிக்குக் கொண்டாட்டம். நாங்க லெபனான்ல போயி என்னாத்த கிழிச்சோம்? நடுவுல நின்னோம். ரெண்டு பக்கமும் எங்களத் திட்டினான். கொழம்பு நல்லா இருக்குது, ஊத்து."

"எறங்கணும் எறங்கணும்னு சொல்றியே அண்ணே, எறங்கப் போறவன் யாரு பெத்த புள்ள? அதச் சொல்லு மொதல்ல" என்பேன் நான்.

"அப்படிப் பாத்தா எவனும் எதுக்கும் போவ முடியாது. எலங்கையில நம்ம ஜனம் கொத்துக் கொத்தா செத்தப்ப, எவனாவது வந்து தடுக்க மாட்டானான்னு நீதான அழுத?"

அழுதது நிஜம். டி.வி. முன்னால் உட்கார்ந்து, உலகத்தில் ஒரு நாதியும் இல்லையா என்று அழுதவள்தான் நான். லெபனான்காரர்தான் காப்பாற்றுவார். "அதுக்கு முன்னாடி இந்தியாவுலேந்து போனாங்களே அங்க. அமைதி வந்துச்சா? செத்தவன் கூடுனதுதான் மிச்சம்" என்பார். அண்ணன் விடமாட்டார். மோர் ஊற்றுகிற வரைக்கும் போகும்.

கூஜாவில் சாய்ந்தபடி பையன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் குறுக்கே கேட்டான். "பப்பா, நீங்க என் வயசுல இருந்தா போவீங்களா?"

"என்னா கேள்விடா இது? மொத ஆளா போவேன்" என்றார் அண்ணன், மார்பைத் தட்டி.

"போவாரு, போவாரு. சட்டியத் தூக்கினு" என்றேன் நான்.

எல்லோரும் சிரித்தோம். அவன் மட்டும் சிரிக்கவில்லை என்று இப்போது சொன்னால் அது பொய். அவனும் நன்றாகச் சிரித்தான்.

அவனுடைய ஒப்பந்தம் முடிந்தது. இனி ஊருக்கு வருவான், ஒரு கல்யாணத்தை முடித்துவிடலாம் என்று நான் இரண்டு வீடுகளில் பேச்சுக்கூடக் கொடுத்து வைத்திருந்தேன். ஒரு புதன்கிழமை மத்தியானம் தவளக்குப்பம் சந்திப்பில் பஸ்ஸுக்கு நிற்கிறேன், ஃபோன் வந்தது. ஞாயிறு அல்லாத நாளில் அவன் கூப்பிட்டதே இல்லை.

"அத்தை, போலந்துல இருக்கேன். நாளைக்கி அந்தாண்ட போறோம்."

"எந்தாண்டடா?"

"உக்ரைனுக்கு."

"ராணுவம் அனுப்புதா?"

"இல்ல. ராணுவத்துலேந்துதான் வந்துட்டேனே. நானாதான் போறேன். இங்க நெறைய பேரு அப்படிப் போறாங்க."

கடலூர் சாலை பஸ்களின் ஹாரனுக்கு மேல் கத்தினேன். "ஒனக்கும் அந்த ஊருக்கும் என்னாடா சம்பந்தம்? அவன் பேசற பாஷை தெரியுமா ஒனக்கு?"

"ஒரு சம்பந்தமும் இல்லத்தை. தெனம் பாத்துக்கினு சும்மா இருக்க முடியல. பப்பா போன்னுதான் சொல்லுவாரு. நீதான் திட்டுவ. அதான் ஒங்கிட்ட மொதல்ல சொல்றேன்."

திட்டினேன். திட்டித் தீரவில்லை. ஆட்டோ பிடித்து நேராக மூலக்குளம் போனேன். அண்ணன் சமையலறையில் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தார். சொன்னதும் கத்தியைக் கீழே வைத்தார். நானே நம்பரைப் போட்டு ஃபோனை அவர் காதில் வைத்தேன். போகாதே, திரும்பி வா என்று அதட்டுவார், அப்பன் சொன்னால் கேட்பான் என்று நினைத்தேன்.

"எதுக்குடா?" என்றார்.

ஃபோனிலிருந்து அவன் குரல் எனக்கும் கேட்டது. "நீங்கதான பப்பா சொன்னீங்க, மொத ஆளா போவேன்னு."

அண்ணன் ஃபோனைத் தன் கையில் வாங்கிக்கொண்டார். பிறகு, "ஆமாண்டா. சொன்னேன். ஜாக்கிரதையா இரு" என்று வைத்துவிட்டார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் வெங்காயத் தட்டைத் தூக்கித் தொட்டியில் கொட்டினேன். "ஒரு வார்த்தை வேணாம்னு சொல்ல ஒனக்கு வாய் வரலியா?"

"இத்தினி வருஷம் பேசிட்டு இப்ப எப்படி மாத்திப் பேசறது? அவன் என்னப் பத்தி என்னா நெனைப்பான்?" என்றார். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும் என்பார்கள். அண்ணனுக்கு அன்று வந்துவிட்டது, ஆனால் வெளியே சொல்லக் கூச்சம்.

குளிர்காலம் முழுக்க அவன் கிடைத்த ஞாயிறுகளில் கூப்பிட்டான். தாடி வளர்ந்திருந்தது. பின்னால் சில நேரம் மண் சுவர், சில நேரம் மரங்கள். படம் நின்று நின்று வரும். எங்கே இருக்கிறாய் என்று கேட்கக்கூடாது என்று சொல்லிவிட்டான். "நண்டா இன்னிக்கி?" என்பதுதான் முதல் பேச்சு. அந்த நாட்களில் அண்ணன் சண்டையைப் பற்றி வாயே திறக்கவில்லை. சாப்பிட்டாயா, கால் நனையாமல் பார்த்துக்கொள், இதுதான் பேச்சு. தளபதி மறுபடி சமையற்காரராகிவிட்டார்.

பிறகு அழைப்பு நின்றது.

அவனோடு இருந்த ஒரு பிரெஞ்சுப் பையன் ஒருநாள் கூப்பிட்டான். மரவரிசை ஒன்றில் இவர்கள் இருந்தபோது குண்டு விழுந்ததாம். சிலர் பின்னால் ஓடி வந்துவிட்டார்களாம். எங்கள் பிள்ளை வரவில்லை. உடலும் கிடைக்கவில்லை. அந்த இடம் இப்போது ரஷ்யர்கள் கையில் இருக்கிறது, தேடிப் போக முடியாது என்று சொல்லிவிட்டு அந்தப் பையனே அழுதான். நான்தான் அவனுக்குச் சமாதானம் சொல்லவேண்டி இருந்தது.

பிரெஞ்சுத் துணைத் தூதரகத்துக்குப் போனோம். உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள். விசாரிக்கிறோம், ஆனால் அவர் எங்கள் ராணுவத்தின் சார்பாகப் போனவர் இல்லையே மேடம் என்றார் அங்கிருந்த பெண். அவள் சொன்னதில் தப்பில்லை. வெளியே வந்து வெயிலில் நின்று அண்ணன் கேட்டார்:

"நான் இவங்க சொல்தா. எம்புள்ள யாரு சொல்தா?"

ஞாயிறுகள் மட்டும் நிற்கவில்லை. ஃபோனை சார்ஜ் போட்டுக் கூஜாவில் சாய்த்து வைப்போம். தட்டும் போடுவேன். லெபனான்காரர் வந்து கேலி பேசாமல் சாப்பிட்டுவிட்டுப் போவார். அப்படி ஒரு ஞாயிறு, டி.வி.யில் மறுபடியும் அந்தக் கோட்டுக்காரர்கள். படையை அனுப்பலாமா, கூடாதா, அனுப்பினால் சண்டை பெரிதாகுமா. நிதானமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை.

"போங்களேண்டா!" என்று டி.வி.யைப் பார்த்துக் கத்தினேன். "எல்லாரும் போங்க! கப்பல்ல போங்க, பிளேன்ல போங்க! எம்புள்ள அங்க ஒண்டியாக் கெடக்குறான். பேசிக்கினே இருக்கீங்களே, பாவிங்களா! போயி அந்த எடத்தப் புடிச்சி அவனத் தேடுங்களேன்!"

யாருடைய பிள்ளை இறங்குவது என்று அத்தனை நாள் கேட்டவள் நான்தான். அன்று எனக்கு எவள் பெற்ற பிள்ளையும் கண்ணுக்குத் தெரியவில்லை. உலகத்துப் பிள்ளைகள் அத்தனையும் போய் என் ஒருவனைத் தூக்கி வந்தால் போதும் என்றிருந்தது. இப்போது எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. ஆனால் அதே ஞாயிறு திரும்ப வந்தால் அதையேதான் கத்துவேன்.

அண்ணன் எழுந்து போய் டி.வி.யை அணைத்தார்.

"வேணாம்மா" என்றார். "இன்னொரு புள்ள போவ வேணாம். அதுக்கும் எவளாவது தட்டு போட்டு வெச்சினு இருப்பா."

"நீதான அண்ணே சொன்ன, ஒருத்தனும் எறங்கி வரலன்னு?"

"சொன்னேன்."

லெபனான்காரர் கை கழுவப் போவதுபோல் எழுந்து போய்விட்டார். யார் எந்தப் பக்கம் பேசுகிறோம் என்றே எங்களுக்குத் தெரியவில்லை.

நவம்பர் பதினொன்றாம் தேதி, முதல் உலகப்போர் முடிந்த நாளில், கடற்கரைச் சாலையில் போர்வீரர் நினைவுச் சின்னத்தின் முன்னால் ஓய்வு பெற்ற சொல்தாக்கள் எல்லோரும் மெடல் குத்திக்கொண்டு நிற்பார்கள். வழக்கம்போல அண்ணனின் கோட்டை இஸ்திரி போட்டு வைத்தேன். லெபனான்காரர் முந்தின நாளே வந்து, பையனுக்காக எல்லோரும் சேர்ந்து அங்கே ஒரு ஜெபம் சொல்லலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டிருந்தார். அண்ணன் கூடாது என்றுவிட்டார். செத்தவர்களுக்கு ஜெபம் சொல்லும் இடத்தில் அவன் பெயரைச் சொன்னால் அவன் செத்தவனாகிவிடுவான். காலையில் கோட்டைக் கையில் எடுத்தார், மெடல்களைத் தொட்டுப் பார்த்தார், மறுபடி ஆணியில் மாட்டிவிட்டு அடுப்பைப் பற்றவைத்தார். அன்று ஞாயிறுகூட இல்லை. ஆனாலும் நண்டு வாங்கி வைத்திருந்தார்.

நாங்கள் இருவர் மட்டும் சாப்பிட உட்கார்ந்தோம். ஃபோன் கூஜாவில் சாய்ந்திருந்தது. அதற்கு முன்னால் தட்டு. பழக்க தோஷத்தில் ஒரு நண்டுக் காலைக் கடித்து உடைத்தேன். சத்தம் கேட்டு அண்ணன் நிமிர்ந்தார்.

"அன்னிக்கி அவன் கேட்டான் பாரு, போவீங்களான்னு" என்றார்.

"விடு, அண்ணே."

"நான் வெறும் சமையக்காரண்டா, எனக்குப் பயமா இருக்கும், போவ மாட்டேன்னு சொல்லி இருக்கலாம்ல? அதான நெஜம்? ஏம்மா, சொல்லி இருக்கலாம்ல?"

அவர் தட்டில் குழம்பை ஊற்றினேன்.