காக்ஸ்-டூ தெரியாத மெம்பரேன்

“உங்க ஆன்டிபாடி வேலை செய்யலை. வந்து எடுத்துட்டுப் போங்க.”

பேராசிரியை போனில் இதைச் சொன்னபோது, ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் ரோட்டில் ஸ்கூட்டரை ஓரங்கட்டியிருந்தேன். ஆய்வகங்களுக்கு ஆன்டிபாடி விற்பது என் பிழைப்பு. என் பொருளைக் குறை சொன்னால் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். ஐஸ் பெட்டியோடு பாலத்தைத் தாண்டி நேரே கல்லூரிக்குப் போனேன்.

காக்ஸ்-டூ என்பது வீக்கம் வந்தால் செல்கள் உண்டாக்கும் என்சைம். எங்கள் ஆன்டிபாடி அதைத் தேடிப் பிடித்து ஒட்டிக்கொள்ளும். சாம்பிளின் புரதங்களைப் படியவைத்த மெம்பரேன் என்ற மெல்லிய தாளில் அது கறுப்புக் கோடாகத் தெரியும். அதை பேண்ட் என்போம். முசிறியிலிருந்து வந்து அந்தப் பேராசிரியையிடம் ஆய்வு செய்யும் ஸ்டெல்லா, ஆய்வகத்தில் வளர்த்த செல்களில் நொச்சி இலைச் சாறு அந்த என்சைமைக் குறைக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். தீசிஸின் கடைசி சேப்டர் அது. அவள் காட்டிய படத்தில் ஒரு பேண்ட்கூட இல்லை.

“ஐஸ் உருகாம கொண்டாந்து குடுத்தேன். நீங்க எங்கயாவது வெளியில வெச்சிருப்பீங்க” என்றேன்.

“என்மேல எரிஞ்சு விழாதீங்க சார். வேலை செய்யும்னா செஞ்சு காட்டுங்க” என்றாள் ஸ்டெல்லா.

நியாயம்தானே! காக்ஸ்-டூ இருப்பது உறுதியான கன்ட்ரோல் சாம்பிளைக் கொடுத்தேன். தன் சாம்பிள்களோடு அதையும் வைத்துச் சோதித்தாள். கன்ட்ரோலில் பேண்ட் பளிச்சென்று வந்தது. அவளுடையவை எல்லாம் வெறுமை. “பார்த்தீங்களா?” என்று நான் நெஞ்சை நிமிர்த்தினேன்.

பேராசிரியை பெருமூச்சு விட்டார். “போதும்மா. இந்தச் சேப்டரையே விட்டுடு.”

ஸ்டெல்லாவின் முகம் செத்துவிட்டது. பாவி, இதற்கா இவ்வளவு வீராப்பாக வந்தேன் என்றிருந்தது எனக்கு.

“அப்போ என் செல்லுல வீக்கமே வரலை மேடம்” என்றாள் மெதுவாக. வீக்கத்தை வரவழைக்க அவள் செல்களில் போடும் எல்.பி.எஸ். என்ற பாக்டீரியா நச்சின் குப்பியைக் கையில் எடுத்தாள். “ஐயோ! இதையும் ஆன்டிபாடி மாதிரி அலுங்காமதான் எடுத்தேன்!”

ஆன்டிபாடியை வேகமாகக் குலுக்கினால் கெடும். எல்.பி.எஸ். நேர்மாறு, நன்றாகக் குலுக்காவிட்டால் குப்பிச் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும்.

“வெறும் தண்ணியத்தான் ஊத்திட்டு இருந்திருக்கேன்!” என்று அழுகையும் சிரிப்புமாகச் சொன்னாள். “இன்னும் ஒரே ஒரு தடவை மேடம்.”

பேராசிரியை சரியென்று தலையசைத்தார்.

குப்பியை நன்றாகக் குலுக்கி அவள் மறுபடி செய்த சோதனையின் படத்தைப் பார்க்க நானும் போனேன். சாதாரண செல்லில் ஒன்றுமில்லை. வீக்கம் வரவழைத்ததில் அடர்ந்த பேண்ட். நொச்சிச் சாறு சேர்த்ததில் மெல்லிய பேண்ட்.

“முழுசா மறையலையே” என்றேன்.

“மறைய வேண்டாம் சார். கொறைஞ்சிருக்கு. இருக்கறத அப்படியே எழுதுவேன்.”

இந்தத் தொழிலுக்கு வரும் தம்பி, தங்கைகளே, பேண்ட் வரவில்லை என்று யாராவது கூப்பிட்டால் மல்லுக்கு நிற்காதீர்கள். தேடிய பொருள் அங்கே இருந்ததா என்று அவர்களோடு உட்கார்ந்து பாருங்கள்.

பேராசிரியை படத்தை மறுபடி பார்த்தார். “சேப்டர் இருக்கு. எழுத ஆரம்பி” என்றார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. விற்பனைக்காரனுக்கு இதெல்லாம் ஆகாது என்று ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டேன்.