பச்சை மூடிக் கேனில் ஒரு வரி

துஷாந்தினியை நினைத்தாலே எனக்குக் கோபம் வருகிறது. அவள் மேல் அல்ல, தோட்டத்தை நடத்தும் துரை மேல். ஹல்துமுல்லைக்குக் கீழே எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பூச்சிமருந்து ஸ்டோருக்கு அவள்தான் கிளாக்கர். உயர்தரத்தில் இரசாயனவியல் படித்து, சில புள்ளிகளில் பல்கலைக்கழகத்தைத் தவறவிட்டவள்.

எங்கள் ஆட்கள் மருந்தை மூடியின் நிறத்தால்தான் அழைப்பார்கள். இந்த வருஷம் மூன்று மருந்துகள் பச்சை மூடியோடு வந்து இறங்கின. லேபிளோ மழையில் ஊறி ஒரு வாரத்தில் உரிந்துவிடும். அதனால் துஷாந்தினி ஒவ்வொரு கேனிலும் மருந்தின் மூலக்கூறை ஒரே வரியில், எழுத்தும் அடைப்புக்குறியுமாகப் பெயின்டில் எழுதினாள். எந்த அணு எதோடு சேர்ந்திருக்கிறது என்று அந்த வரி சொல்லும். படம் வரையத் தெரியாத பழைய கணினிகளுக்காகக் கண்டுபிடித்த வழி அது. அந்தக் கணினிகள் குப்பைக்குப் போய்விட்டன, வரி போகவில்லை. கம்பெனி பெயரை மாற்றும், மூடியை மாற்றும், இதை மாற்ற முடியாது என்பாள்.

துரை அதைப் பார்த்து, கேனில் என்ன கோலமா என்று சிரித்தார். அழிக்கச் சொன்னார். அரைகுறைப் படிப்பின் திமிராம். அவளும் அழித்தாள். மருந்தடிக்கத் தேயிலை மலைக்குப் போயிருந்த மாரிசாமியின் கேன் மட்டும் தப்பியது.

அன்று பகலே மாரிசாமி நுரை தள்ளி விழுந்தார். முதுகில் சுமக்கும் ஒழுகுகிற டேங்கை மாற்றித் தரும்படி மூன்று மாதமாகக் கேட்டவர் அவர்; மருந்து முதுகெல்லாம் ஊறியிருந்தது. என்ன மருந்து என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் சிவரூபி கேட்டதற்கு, தூக்கிப்போனவர்களுக்குத் தெரிந்தது பச்சை மூடி மட்டும்தான். டாக்டர் ஸ்டோருக்குப் போன் எடுத்தார். துஷாந்தினி மலைக்கு ஓடினாள். கேனைப் படம் எடுத்து அனுப்பினால், எங்கள் சிக்னலுக்கு அது போகவே இல்லை. வரியை எழுத்தெழுத்தாகத் தட்டி எஸ்எம்எஸ் அனுப்பினாள், போய்விட்டது. டாக்டர் அதைக் கணினியில் போட்டதும் மருந்து இன்னதென்று வந்து நின்றது. அதற்கேற்ற வைத்தியம் நடந்து மனுஷன் பிழைத்தார்.

துரைக்கு வெட்கம் வந்ததா? தோட்டத்துச் சாமானை அசிங்கப்படுத்தியதற்கு விளக்கம் கேட்டு அவளுக்குக் கடிதம்தான் வந்தது.

இருபதாம் நாள், வேலை பிரித்துக் கொடுக்கும் காலைப் பெரட்டுக்கு மாரிசாமி வந்தார். துரையின் கண் முன்னாலேயே, எழுத்தில்லாத புதுக் கேனை துஷாந்தினியின் காலடியில் வைத்தார்.

“எழுதாத கேனை நான் தூக்க மாட்டேங்க, மிஸ். எழுதிக் குடுங்க.”

பின்னால் நின்ற பதினொரு பேரும் தங்கள் கேன்களை இறக்கி வைத்தார்கள். துஷாந்தினி துரையின் முகத்தைப் பார்க்கவில்லை. பெயின்ட் டப்பாவை எடுத்துவர ஸ்டோருக்குள் போனாள்.