கியோட்டோ கோயில் வாசலில் விட்ட செருப்பு

மியான்மரின் யாங்கூனில், பசுந்தாங் பகுதியிலிருந்து நானும் என் வீட்டுக்காரரும் ஜப்பானின் கியோட்டோவுக்குச் சுற்றுலா போயிருந்தோம். ‘கோயிலில் காலணியைக் கழற்றவும்’ என்றது வழிகாட்டிப் புத்தகம். இங்கே புத்தர் கோயிலான பகோடாவின் வாசலிலேயே செருப்பை விட்டுப் பழகிய நாங்கள், அங்கும் வெளிவாசலிலேயே விட்டோம். உள்ளே நீளமான சரளைக்கல் பாதை. குளிர் வேறு. எதிரே வந்தவர்கள் எல்லோரும் ஷூவோடு நடந்தார்கள்.

“என்னங்க, நாம தப்பா, அவங்க தப்பா?”

“புக்குல போட்டிருக்குல்ல, பேசாம வா.”

மண்டபப் படியருகில்தான் காலணி அலமாரி இருந்தது! செருப்பு போயிருக்குமோ என்று பதறித் திரும்பினோம். அது பத்திரமாக இருந்தது. பக்கத்தில், நாங்கள் விட்டபோது இல்லாத நான்கு ஜோடி ஷூக்கள். ஆட்களைக் காணோம்.

இப்போதெல்லாம் வெளியூர்க் கோயிலில் யாரையாவது கேட்காமல் செருப்பைக் கழற்றுவதில்லை. அடுத்தவர்களைப் பார்த்துச் செய்வதும் இல்லை. எங்கள் செருப்பைப் பார்த்துக் கழற்றியவர்கள் என்ன பாடுபட்டார்களோ!