வெயிலில் எடுத்த கல்பாசி

கல்பாசியை வெயில் நன்றாக ஏறிய பிறகுதான் எடுக்க வேண்டும் என்று எங்கள் வீட்டில் நம்பினோம். அதுவும், துறைமுகத்தைப் பார்த்திருக்கும் மொட்டைக் குன்றின் உச்சிப் பாறையில் பிடித்த பாசியாக இருந்தால் மட்டுமே என் தொய்வுக்கு, அந்த மூச்சிழுப்புக்கு, கேட்கும் என்று சின்னம்மா உறுதியாகச் சொன்னார். சின்னம்மா என் அப்பாவுடைய தம்பியின் மனைவி. இதை அவருக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று ஒருவரும் விசாரிக்கவில்லை. சண்டைக் காலம் அது. தொய்வுக்கான குளிசைகள் ஆஸ்பத்திரியிலேயே கிடைப்பது அரிது. மூச்சுக்குத் தவிக்கிற பிள்ளையை வீட்டில் வைத்திருப்பவர்கள் ஒரு மருந்துக்கு ஆதாரம் கேட்டுக்கொண்டிருப்பதில்லை.

எனக்கு அப்போது எட்டு வயது. அந்த மருந்து எங்கள் வீட்டுக்கு வருவதற்குச் சில வாரங்களுக்கு முன்னர் சித்தப்பாவை இராணுவத்தினர் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். அவர் துறைமுக ஜெட்டியில் கணக்கெழுதும் கிளாக்கராக இருந்தவர். ஒரு சுற்றிவளைப்பில், இராணுவத்துக்கு ஆள் காட்டிக்கொடுக்கும், முகத்தை மூடிய தலையாட்டி ஒருவன் அவரைக் கண்டதும் தலையை அசைத்துவிட்டான். அத்தனை பேருக்குள்ளும் அவரை ஏன் தெரிந்தெடுத்தான் என்பது தலையை அசைத்தவனுக்கே தெரிந்திருக்குமோ என்னவோ. அவர் குன்றின் கீழுள்ள முகாமில் இருக்கிறார் என்று, அங்கிருந்து விடுபட்டு வந்த ஒருவர் சொன்னார். அப்பா முகாம் வாசலுக்குப் போனார். அப்படி ஒருவர் இங்கே இல்லை என்றார்கள். திரும்பி வந்த அப்பா, எல்லோருக்கும் கேட்கும்படியாக அம்மாவிடம் சொன்னார்:

"இனி அங்க போய் ஒருத்தரும் நிக்க வேண்டாம் எண்டு சொல்லும். நாங்கள் கேக்கக் கேக்க, உள்ளுக்க இருக்கிறவனுக்குத்தான் அடி விழும்."

அம்மாவைப் பார்த்துச் சொன்னாலும் அது சின்னம்மாவுக்கான கட்டளை. தம்பியின் மனைவியோடு அப்பா நேரே கதைப்பதில்லை. குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்த சின்னம்மா கையை நிறுத்தாமல் "ஓம்" என்றார். அடுத்த கிழமைதான் கல்பாசியின் மகிமை எங்களுக்குத் தெரியவந்தது.

சனிக்கிழமைகளில், பள்ளிக்கூடம் இல்லாதபடியால், சின்னம்மா என்னையும் கூட்டிக்கொண்டு புறப்படுவார். ஒரு கையில் துணிப்பையும் மட்டி ஓடும், மறு கையில் பெரிய கறுப்புக் குடை. குன்றின் அடிவாரத்தில் மணல் மூட்டைகளுக்குப் பின்னால் ஓர் இளம் சிப்பாய் காவல் நிற்பான். முதல் நாள் பையைக் கொட்டிப் பார்த்தான். மட்டி ஓட்டைத் தவிர ஒன்றும் விழவில்லை. பின்பு பழகிவிட்டான்.

"பேபிக்கு இன்னும் சுகம் இல்லையா?" என்று தனக்குத் தெரிந்த தமிழில் கேட்பான்.

"எங்க சுகம்? ராவு முழுக்க இழுப்பு."

சின்னம்மா சொல்லும் அந்த இரவு பெரும்பாலும் நான் நன்றாக உறங்கிய இரவாக இருக்கும். ஆயினும், பெரியவர்களின் சொல்லைப் பொய்யாக்கக் கூடாது என்ற பொறுப்புணர்வோடு நான் கொஞ்சம் இருமி வைப்பேன். என் இருமலில் அவனுக்கு அத்தனை நம்பிக்கை ஏற்பட்டிருக்க வேண்டும். ஒருநாள், ஊரில் இருக்கிற தன் அம்மாவுக்கும் இதே வருத்தம் என்று சொல்லித் தயங்கி நின்றான். அடுத்த சனிக்கிழமை சின்னம்மா அவனிடம் ஒரு பொட்டலம் கொடுத்து, சுக்கும் ஆடாதோடை இலையும் சேர்த்து அவிக்கும் முறையையும் சொன்னார். பனங்கட்டியோடு குடிக்க வேண்டும் என்பதைக் கடிப்பதுபோலக் கையால் காட்டிப் புரியவைத்தார்.

உச்சிப் பாறையில் பாசி சாம்பல் நிறத்தில், ஓரங்கள் சுருண்டு, அடிப்புறம் கறுத்துப் படர்ந்திருக்கும். வெயிலில் முறுகிப்போன அதை மட்டி ஓட்டால் சுரண்டினால் பொடிப்பொடியாக உதிரும். பாதியைக் காற்றுக் கொண்டுபோய்விடும். சின்னம்மா குடையை விரித்துப் பாறை விளிம்பில் வைப்பார். அதன் நிழலில் என்னை இருத்திவிட்டுத் தான் வெயிலில் குந்தியிருந்து, சுரண்டுவதும் நிமிர்வதுமாக நெடுநேரம் இருப்பார். நான் துறைமுகத்துக் கப்பல்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

மருந்து கூட்டித் தரும் பரியாரியார் ஒருநாள் பையைப் பார்த்துச் சினந்துகொண்டார்.

"இதென்ன பிள்ளை, பாசியோ பொடியோ? விடியப் பனியில எடுத்தா வெத்திலை மாதிரி முழுசா உரிஞ்சு வரும். கோயில் குளத்தடிக் கல்லிலயும் இது கிடக்குதே. ஏன் உச்சி வெயிலில மலை ஏறுறீங்கள்?"

"சரி ஐயா, இனி அப்பிடிச் செய்யிறன்" என்றார் சின்னம்மா. அடுத்த சனிக்கிழமையும் வெயில் ஏறிய பிறகு அதே குன்றுக்குத்தான் போனோம்.

அந்தப் பாறையின் விளிம்பிலிருந்து பார்த்தால் முகாமின் பின்முற்றமும் அங்கே கட்டியிருந்த கொடியும் தெரியும் என்பதை நான் வளர்ந்த பின்பே சரியாக விளங்கிக்கொண்டேன். முற்பகலில்தான் உள்ளே இருப்பவர்களைக் குளிக்க விடுவார்கள். அவர்கள் தோய்த்த உடுப்புகள் கொடியில் காயும். அவற்றுள் ஒன்று சித்தப்பா இடுப்பில் உடுத்துப் போன நீலச் சாரம். அதன் கிழிசலுக்கு, என் பழைய மஞ்சள் சட்டையிலிருந்து வெட்டிய துணியைச் சின்னம்மாவே ஒட்டுப்போட்டிருந்தார். மஞ்சள் ஒட்டுள்ள நீலச் சாரம் கொடியில் கிடந்தால், அந்தக் கிழமை சித்தப்பா உயிரோடு இருக்கிறார்.

ஒரு சனிக்கிழமை சின்னம்மா விளிம்பில் வழக்கத்தைவிட அதிக நேரம் நின்றார். பின்பு குந்தியிருந்து சுரண்டத் தொடங்கினார். நிமிரவேயில்லை. ஒரு பாறை முடிந்ததும் அடுத்ததற்குப் போனார். விரல் நுனிகளில் இரத்தம் கசிந்தது.

"போதும் சின்னம்மா, பை நிரம்பிட்டுது."

"நிரம்பட்டும்."

கீழே இறங்கி வந்ததும் நேரே சிப்பாயின் முன்னால் போய் நின்றார்.

"தம்பி, எண்ட மனுசன் உள்ளுக்க இருந்தவர். இண்டைக்கு அவற்ற சாரம் கொடியில இல்லை. ஒருத்தற்ற உடுப்பும் இல்லை. எங்க கொண்டுபோனவங்கள்?"

அவன் முகம் மாறியது. மலையைப் பார்த்தான், பையைப் பார்த்தான். சத்தம் போடப்போகிறான் என்று நான் பயந்து, கடமை தவறாமல் இருமினேன். அவன் சின்னம்மாவைப் பார்க்காமல் என்னைப் பார்த்தபடி தணிந்த குரலில் சொன்னான்.

"எல்லாரும் பஸ்ல போனது. தெற்குப் பக்கம்."

"உயிரோடயோ?"

"நடந்துதான் ஏறினது." மணல் மூட்டைகளின் பக்கம் திரும்பியபடி, "இனி இங்க வர வேணாம் அம்மா" என்றான்.

வீட்டுக்கு வந்த சின்னம்மா, அப்பாவின் கதிரைக்கு நேர் எதிரே போய் நின்றார். அப்படி அவர் நின்றதை நான் அதற்கு முன் கண்டதில்லை.

"அவர் தெற்கில இருக்கிறார். நான் தேடிப் போறன்."

அப்பா கதிரையிலிருந்து எழுந்தார். பின்பு அம்மாவின் பக்கம் திரும்பாமல், சின்னம்மாவிடமே சொன்னார்: "தனியப் போக ஏலாது. நானும் வாறன்."

அதன்பிறகு இருவரும் எத்தனை முகாம் வாசல்களில் நின்றார்கள் என்பது எனக்குத் தெரியாது. இல்லை என்று சொன்ன வாசலுக்கும் சின்னம்மா திரும்பத் திரும்பப் போனார். அந்த ஒரு பை கல்பாசி மாரிமழைக் காலம் முழுவதும் எனக்குப் போதுமாக இருந்தது.

சித்தப்பா அடுத்த மாரியும் கழிந்த பிறகு வந்தார். மெலிந்து, ஈரத் தரையில் கிடந்த நெஞ்சு இரைய, என்னைவிட மோசமாக மூச்சு இழுத்துக்கொண்டு வந்தார். மறுநாள் விடியப் பனி உலருமுன் சின்னம்மா என்னை எழுப்பிக் கோயில் குளத்தடிக்குக் கூட்டிப்போனார். குடையை எடுக்கவில்லை. பனியில் நனைந்த பாசி, பரியாரியார் சொன்னபடியே, முழுசு முழுசாக உரிந்து வந்தது.

"இப்ப வெயில் வேண்டாமோ சின்னம்மா?"

"இனி வேண்டாம் மகள்."

அன்று குசினியில் மருந்தைக் குடித்தபடி சித்தப்பா சின்னம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "குடையைக் கண்டா, காய்ஞ்ச சாரத்தையும் திரும்ப நனைச்சுக் கொண்டுபோய்க் கொடியில போடுவன். காவலுக்கு நிண்டவன் எனக்கு விசர் எண்டு நினைச்சிட்டான்."

சின்னம்மா சிரித்தார், பிறகு முகத்தைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டார். எனக்கும் காவல்காரன் நினைத்ததே சரியாகப் பட்டது. காய்ந்த சாரத்தை நனைக்கிறவரை வீட்டில் கவனமாகத்தான் வைத்திருக்க வேண்டும் என்று எண்ணி, சில நாட்கள் அவரைக் கண்காணித்துக்கொண்டு திரிந்தேன்.

கல்பாசி மிக மெதுவாகவே வளரும். அன்று நாங்கள் வெறுமையாக்கிய பாறைகளில் வெளுத்த திட்டுகள் இன்னும் முழுதாக மூடவில்லை. அப்பாவும் அம்மாவும் போய்விட்டார்கள். அந்த நெஞ்சோடு பல வருடங்கள் வாழ்ந்த சித்தப்பா, தன் வீட்டில், தன் கட்டிலில் கண்மூடினார். சின்னம்மா இருக்கிறார்.