படத்தில் இல்லாத ரீச்சர்

பதில் ஆசிரியர் வேலையில் எல்லாம் உண்டு. உட்காரக் கதிரை மட்டும் கிடையாது. நோர்வேயில் இதற்கு 'விக்கார்' என்று பெயர். சுகமில்லாமல் போன ஒருவருடைய மேசை, லீவில் போன இன்னொருவருடைய வகுப்பு, யாரோ கழுவாமல் விட்ட தேநீர்க் கோப்பை என்று நாள் ஓடிவிடும். இந்த வேலை பார்த்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. பார்க்காதவர்கள், கல்யாண வீட்டில் எல்லாப் பந்திக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் இலை தேடி நின்றவர்களாக இருந்தால் போதும்.

நான் வளர்ந்தது ஜேர்மனியில், கல்யாணம் கட்டி வந்தது ஒஸ்லோவுக்கு. இங்குள்ள ஜேர்மன் பள்ளிக்கூடம் ஒன்றின் மேல்வகுப்புகளுக்குக் கணிதம் படிப்பித்தவர் பிள்ளைப்பேற்று லீவில் போக, ஒரு வருடத்துக்கு என்னை எடுத்தார்கள். அவர் இனித் திரும்பி வரவே மாட்டார் என்று பனி கரைவதற்குள்ளேயே தெரிந்துவிட்டது. அந்த இடம் யாருக்கு என்று மட்டும் அதிபர் வாய் திறக்கவில்லை. அதே நேரம் பார்த்து என் கணவர் ரமணனை மேற்குக் கரையோரம் தூரத்தில் இருக்கும் ஸ்தவாங்கர் நகரில் ஒரு நல்ல வேலைக்குக் கூப்பிட்டார்கள். எனக்கு இங்கே வேலை நிலையாகாவிட்டால் குடும்பத்தோடு அங்கே போவதென்று முடிவு. எனக்கோ போக மனமில்லை. எத்தனையோ பள்ளிக்கூடங்களில் ஓடியிருக்கிறேன், பிடித்துப்போனது இது ஒன்றுதான். தினமும் பின்னேரம் வீட்டுக்குள் கால் வைத்ததும் ரமணன் கேட்பார்: "என்னப்பா, பெட்டி கட்டுறதோ, இல்லையோ?"

யன்னல்

ஜேர்மன்காரருக்கு நல்ல காற்று வேண்டும். ஒவ்வொரு பாடம் முடிந்ததும் எல்லா யன்னல்களையும் அகலத் திறந்துவிட வேண்டும் என்பது அந்தப் பள்ளிக்கூடத்தின் எழுதாத சட்டம். வெளியே பனி கொட்டினாலும் விலக்கில்லை. நான் எத்தனை வருடம் ஜேர்மனியில் இருந்திருந்தாலும் என் உடம்பு யாழ்ப்பாணத்து உடம்பு. நான் மூடுவேன். அடுத்த வகுப்புக்கு வரும் பௌதிக ஆசிரியர் ஹெர் ஃபோக்ட் திறப்பார். அவர் போனதும் நான் திரும்பவும் மூடுவேன். நிரந்தர ஆசிரியையாக இருந்தால் சண்டையாவது பிடித்திருக்கலாம். விக்கார் எதைச் சொல்வது? ஒருநாள் சால்வையைத் தலைவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு, கொஞ்சம் இரக்கம் காட்டக் கூடாதா என்று கேட்டேன். அவர் யன்னல் கொக்கியிலிருந்து கையை எடுக்காமல் சொன்னார்: "குளிரில் யாருக்கும் கணக்குப் பிழைத்ததில்லை. அடைத்த காற்றில்தான் பிழைக்கிறது."

பெயர்

ஜேர்மன் பிள்ளைகள் ஆசிரியர்களைத் திரு, திருமதி போல 'ஹெர்', 'ஃபிராவ்' போட்டுக் குடும்பப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். நோர்வேப் பள்ளிக்கூடங்களிலிருந்து மாறி வந்தவர்கள் பழகிய தோழியைப் போல என் சொந்தப் பெயரைச் சொல்வார்கள். பத்தாம் வகுப்பில் இருந்த ஒரே தமிழ்ப் பிள்ளை அபிநயாவுக்கு நான் வகுப்புக்குள் ஃபிராவ், வாசல் தாண்டினால் ரீச்சர், குறொன்லாண்ட் கடைத்தெருவில் மரக்கறி வாங்கும்போது அன்ரி. எல்லாருக்கும் ஒரே முறை இருக்கட்டும் என்று கரும்பலகையில் என் குடும்பப் பெயரைப் பெரிதாக எழுதிப் போட்டேன். முன்வாங்கில் இருந்த ஒரு பொன்முடிப் பிள்ளை கையை உயர்த்தினாள்: "ஃபிராவ் சிவபாதசுந்தரம் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் கேட்க வந்த கேள்வி மறந்துபோகிறது."

ஆணி

பள்ளிக்கூடத்தின் ஆண்டுவிழாவுக்குப் பழைய படங்களைத் தாழ்வாரத்தில் மாட்ட வேண்டும் என்றார் அதிபர் ஃபிராவ் பிராண்ட். யாருக்கு நேரமிருக்கிறது? எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பராமரிப்பாளர் தூர் ஏணியைப் பிடிக்க, நான் சுத்தியலோடு ஏறினேன்.

ஒரு பள்ளிக்கூடத்தின் சரித்திரம் முழுக்க என் கைகளால் சுவரேறியது. முதல் படத்தில் வாடகை வீடொன்றின் அறை, கணப்பு அடுப்பு, குளிருக்குக் கூனிக்கொண்டு நிற்கும் கொஞ்சப் பிள்ளைகள். தூதரகத்துக்கும் கப்பல் கொம்பனிகளுக்கும் வந்தவர்களின் பிள்ளைகளாம். பிறகு சொந்தக் கட்டடம், மேல்வகுப்பு, ஜேர்மன் முறைப்படி கடைசிச் சோதனை முடித்துவிட்டு நோர்வே வழக்கப்படி சிவப்புக் காற்சட்டையில் ஆட்டம் போடும் பிள்ளைகள். ஒவ்வொரு காலத்து ஆசிரியர்களும் வரிசையாக நின்றார்கள். அந்த வரிசையில் என்னைப் போல ஒருத்தியாவது இருக்கிறாளா என்று தேடினேன். நான் எதைத் தேடுகிறேன் என்று தூருக்கு விளங்கிவிட்டது. ஏணியை ஆட்டாமல் பிடித்தபடி சொன்னார்: "விக்கார்களைப் படம் எடுப்பதில்லை. படம் மாட்ட ஆணி அடிப்பது மட்டும் அவர்கள்தான்."

நான் அடுத்த ஆணியை அடித்தேன்.

லட்டு

குறொன்லாண்ட் கடையில் அபிநயாவின் தகப்பன் சிவனேசன் அண்ணை என்னை மறித்தார். பஸ் ஓட்டுகிறவர். மகள் ஜேர்மனியில் டொக்டருக்குப் படிக்க வேண்டும் என்று அந்த வருடம்தான் பள்ளிக்கூடம் மாற்றியிருந்தார். கையில் லட்டுப் பெட்டி.

"எடுங்கோ ரீச்சர். பிள்ளை கணக்கிலை அஞ்சு எடுத்திட்டாள்."

எடுத்த லட்டைத் திரும்பப் பெட்டியில் வைத்தேன். நோர்வேயில் ஆறு உச்சப் புள்ளி, ஒன்று அடி. ஜேர்மன் முறையில் ஒன்றுதான் உச்சம், ஐந்து என்றால் கோட்டை விட்டாயிற்று. மெதுவாகச் சொன்னேன். அவர் பெட்டியை மூடினார்.

"ஐயோ, முதல் சோதனையிலை ஒண்டு எடுத்தவள். நான் ஏசிப்போட்டு போனையும் பறிச்சு வச்சனான்."

"அவள் சொல்லேல்லையோ, அண்ணை?"

"சொன்னவள். மார்க்ஸ் குறைஞ்ச பிள்ளையள் எல்லாம் இப்பிடித்தான் கதை விடுறது எண்டு நான் நம்பேல்லை."

திங்கட்கிழமை அபிநயாவைப் பிடித்தேன். இரண்டாம் சோதனைக்கு அவள் புத்தகத்தைத் தொடவே இல்லையாம். எனக்குக் கோபம் வந்த வேகத்தில் சிரிப்பும் வந்தது. அவள் சிரிக்கவில்லை: "ஒண்டு எடுத்தா ஏச்சு, அஞ்சு எடுத்தா லட்டு. நீங்களெண்டா என்ன செய்வீங்கள், ரீச்சர்?"

அதிபர் அறை வாசல்

அடுத்த நாளே பஸ் சீருடையோடு சிவனேசன் அண்ணை அதிபர் அறை வாசலில் நின்றார். என்மேல் முறைப்பாடு சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். கெட்டிக்காரப் பிள்ளை சறுக்கியிருக்கிறாள், வீட்டுக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்தவள் நான். பிழை என்னுடையதும்தான். வகுப்பில் என்ன எழுதினேன் என்று எனக்கே தெரியாது. பிள்ளைகள் திருத்தத் திருத்த அழித்து அழித்து எழுதினேன். ஸ்தவாங்கரில் மழை அதிகமாமே என்று ஒரு பக்கத்து மூளை யோசித்துக்கொண்டிருந்தது.

மணியடித்ததும் ஃபிராவ் பிராண்ட் என்னைக் கூப்பிட்டார். நோர்வேப் பள்ளிக்கூடங்களிலிருந்து வந்த பெற்றோரை ஒரு பின்னேரம் கூப்பிட்டு இந்தப் புள்ளிக் கணக்கை விளங்கப்படுத்தச் சொன்னார். அவ்வளவுதான், வேலையைப் பற்றி மூச்சு விடவில்லை. அவர் மேசையில் அந்த லட்டுப் பெட்டி இருந்தது. "ஒன்றுதான் நல்லது என்று அந்த மனிதர் என்னைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தார், பிறகுதான் இதைத் தந்தார்," என்றார்.

கூட்டம்

ரமணன் ஸ்தவாங்கருக்குப் பதில் சொல்ல வேண்டிய வெள்ளிக்கிழமைதான் ஆசிரியர் கூட்டமும். சைக்கிள் நிறுத்துமிடம், கன்ரீன் கரண்டிகள் காணாமல் போவது, விழாவில் யார் பேசுவது என்று இழுத்துக்கொண்டே போனார்கள். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. தண்ணீர் எடுக்க இரண்டு தரம் எழும்பினேன். எடுத்த தண்ணீரைக் குடிக்கவில்லை. கடைசியில் ஃபிராவ் பிராண்ட் கண்ணாடியைக் கழற்றியபடி, ஆசிரியர்களின் புதிய படம் திங்கட்கிழமை எடுக்கப்படும் என்றார். நான் வழக்கம்போல ஏணியை நினைத்தேன்.

"ஃபிராவ் சிவபாதசுந்தரம் முன்வரிசையில் நிற்கட்டும்," என்றார் அவர். "ஆணியை இந்தமுறை வேறு யாராவது அடிப்பார்கள்."

ஜேர்மன்காரர் இப்படியான நேரத்தில் கை தட்டுவதில்லை, விரல் முட்டியால் மேசையில் தட்டுவார்கள். அறை முழுக்கத் தட்டியது. நான் வெட்கமில்லாமல் அழுதேன். ஹெர் ஃபோக்ட் எழும்பிப் போய், அந்த வருடத்திலேயே முதல்முறையாக, யன்னலைச் சாத்தினார்.

பெட்டி

வாசலுக்கு ஓடி வந்து ரமணனுக்குப் போன் எடுத்தேன். "பெட்டி கட்டவேண்டாம்" என்றேன். உடனே ஸ்தவாங்கருக்குச் சொல்லிவிடுங்கள், நேரம் போகிறது என்று அவசரப்படுத்தினேன். மறுமுனையில் அவர் ஆறுதலாகத் தேநீர் உறிஞ்சுவது கேட்டது. "நான் முந்தாநாளே வரேல்லையெண்டு சொல்லிட்டன்," என்றார். "நீர் அந்த யன்னலைச் சொந்த வீட்டு யன்னல் மாதிரித் திட்டுற திட்டிலையே, உமக்கு இது விட்டுப்போக ஏலாத இடமெண்டு விளங்கிட்டுது."

நிரந்தர ஆசிரியராகி நான் முதலில் செய்த காரியம் சளி பிடித்து வீட்டில் படுத்ததுதான்; எனக்குப் பதிலாக அங்கே யார் ஓடித் திரிந்தார்களோ, பாவம்.