மண்டியிட்டுப் பார்த்த படம்

1971 மே 22, சனிக்கிழமை, மாலை ஆறு ஐம்பது. பகல் முழுதும் அடித்த மேல்காற்று அப்போதுதான் அடங்கியிருந்தது. மேற்கே கூடிய மேகம் ஒரு துளிகூடப் போடாமல் கலைந்துகொண்டிருந்தது. இதையெல்லாம் எப்படி நினைவில் வைத்திருக்கிறீர்கள் என்று மருமகள் கேட்பாள். நான் வைத்திருக்கவில்லை. அது போகமாட்டேன் என்கிறது.

ஏலாக்குறிச்சிக்கு வடக்கே ஐந்து மைலில் எங்கள் ஊர். கோயிலுக்கு முன்னால் இருந்த மணல் திடலில், இரண்டு எட்டு முழ வேட்டிகளைச் சேர்த்துத் தைத்துத் திரை கட்டியிருந்தார்கள். கோடையில் பிள்ளைகளுக்குப் பத்து நாள் ஞானோபதேச முகாம் நடக்கும். அன்று அதன் கடைசி நாள். அதற்காகப் பங்குச் சாமியார் டவுனிலிருந்து ஒரு படமும் அதை ஓட்டும் மெஷினும் இரவல் வாங்கி வந்திருந்தார். எங்கள் ஊரில் பாதிப் பேர் அதுவரை சினிமா பார்த்ததில்லை. மெஷின் தீப்பிடித்துக்கொள்ளுமோ என்று நான் பயந்தேன். வேட்டியில் நெருப்புப் பற்றினால் எந்தப் பக்கம் ஓடுவது என்று முன்கூட்டியே பார்த்து வைத்தேன். எனக்கு அப்போது வயது பதின்மூன்று. எட்டாவது தேறியிருந்தேன்; ஜூன் மாதம் அரியலூர் பள்ளிக்கூடத்தில் ஒன்பதாவது சேர வேண்டும் என்பது ஒன்றுதான் என் ஆசை.

அப்பா ஊர் உபதேசியார். பள்ளிக்கூடத்தில் வாத்தியார், கோயிலில், சாமியார் வராத நாட்களில் செபம் சொல்லித் தருகிறவர். முழங்காலில் இருங்கள் என்று அவர் சொன்னால் ஊரே மண்டியிடும். எழுந்திருங்கள் என்று சொல்லும்வரை ஒருவரும் எழ மாட்டார்கள். ஒருமுறை பாம்பு வந்தபோதுகூட அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் எழுந்தார்கள்.

எங்கள் வீட்டில் அப்போது ஒரு துக்கம் இருந்தது. அண்ணன் பிறந்தபோது அம்மா பிழைப்பாளா என்று இருந்ததாம். அப்பா இரவோடு இரவாக ஏலாக்குறிச்சிக்கு நடந்து போய், ஒரு மகனை ஆண்டவருக்கு ஒப்புக்கொடுக்கிறேன் என்று மாதாவிடம் வேண்டிக்கொண்டு வந்தார். அதன்படி அண்ணன் ஒன்பதாம் வகுப்பிலேயே, சாமியாராவதற்குப் படிக்கும் குருமடத்தில் சேர்க்கப்பட்டான். மூன்று வருடம் படித்தான். பதினோராவது பரீட்சை முடிந்து லீவில் வந்தவன், வந்த அன்றே, "நா திரும்பப் போகலப்பா. எனக்கு அது வராது," என்று சொல்லிவிட்டான்.

அப்பா அடிக்கவில்லை, திட்டவில்லை. பேச்சை நிறுத்திவிட்டார். படம் போட்ட அன்றோடு முப்பத்தொன்பது நாள். சொல்ல வேண்டியதை எல்லாம் என்னிடம் சொல்வார். அண்ணன் இரண்டு முழம் தள்ளி உட்கார்ந்திருப்பான். "அவனைச் சாப்புடச் சொல்லு," என்பார். நான் திரும்பி, "அண்ணே, ஒன்னச் சாப்புடச் சொல்றாரு," என்பேன். "பசிக்கலன்னு சொல்லு," என்பான் அவன். நான் மறுபடியும் திரும்புவேன். கழுத்து வலிக்கும் வேலை அது. நடுவில் அம்மா கரண்டியைப் பிடித்துக்கொண்டு யார் முகத்தையும் பார்க்காமல் நிற்பாள். ஜூன் ஏழாம் தேதி குருமடம் திறக்கிறது. அதற்குள் அவன் மனம் மாறாவிட்டால் இந்த வீட்டில் அவனுக்கு இடமில்லை என்ற செய்தியையும் நான்தான் கொண்டுபோய்ச் சேர்த்தேன்.

படம் ஆரம்பித்தது. வெள்ளைக்காரக் குடும்பம் ஒன்று, அவர்கள் ஊர்க் கோயில் நடத்தும் கோடை முகாமுக்குப் போகிறது. பெரிய ஏரி, கூடாரங்கள், படகுகள். தொந்தி பெருத்த ஒரு தகப்பன். அவர் எதைத் தொட்டாலும் அது உடையும். ஏரியில் மட்டும் மூன்று முறை விழுந்தார். பேச்சு முழுக்க இங்கிலீஷ். சாமியார் மைக்கைப் பிடித்துக்கொண்டு அர்த்தம் சொன்னார். அந்த மனிதர் கையை ஆட்டி ஆட்டி வெகுநேரம் பேசி நிறுத்துவார். சாமியார், "கடவுள் நல்லவர்னு சொல்றாரு," என்பார்.

பெண்கள் பக்கத்திலிருந்து எங்கள் சின்னம்மா சத்தமாகக் கேட்டாள்: "அந்த ஆளு அவ்ளோ நேரம் தொண்ட கிழியப் பேசுனாரே சாமி, அவ்ளோதானா?"

"அவ்ளோதாம்மா. பேசாமப் பாருங்க."

சிரிப்பும் சத்தமுமாகப் போயிற்று. அந்தத் தகப்பனுக்கு ஒரு மூத்த மகன். அவனுக்கும் அவருக்கும் எதிலும் ஒத்துப்போகாது. கடைசிச் சுருளில், அவர் எல்லார் முன்னாலும் ஏதோ சொல்லிவிட, அவன் முகாமை விட்டு ஓடிப்போகிறான். காட்டில் தேடுகிறார்கள். கிடைக்கவில்லை. முகாமில் உள்ளவர்கள் எல்லாரும் சாப்பாட்டுக் கொட்டகையில் மண்டியிட்டுச் செபம் செய்கிறார்கள்.

திரையில் அத்தனை பேர் மண்டியிட்டதைப் பார்த்ததும், பழக்கதோஷம், அப்பா எழுந்து நின்று உரத்த குரலில், "முழங்காலில் இருங்கள்," என்றார். சொல்லிவிட்டு அவரும் மண்டியிட்டார். திடல் முழுவதும் சரசரவென்று மண்டியிட்டது. எங்கள் ஊரில் இதற்கு யாரும் யோசிப்பதில்லை.

படத்தில் செபம் அரை நிமிடத்தில் முடிந்துவிட்டது. அவர்கள் எழுந்துவிட்டார்கள். நாங்கள் எழவில்லை. அப்பா இன்னும் சொல்லவில்லை.

ஓடிப்போன மகன் தானாகவே திரும்பி வந்து கொட்டகை வாசலில் நின்றான். சேறும் ஈரமுமாக, கிழிந்த கால்சட்டையோடு இருந்தான். தகப்பன் அவனை நோக்கிப் போனார். அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் அவன் முன்னால் மண்டியிட்டு ஏதோ சொன்னார். சாமியார் மைக்கை வாயருகே கொண்டுபோனார். பிறகு, "தப்பு எம்மேலதான்னு சொல்றாரு," என்றார்.

நான் அப்பாவை ஒட்டித்தான் மண்டியிட்டிருந்தேன். அவர் வாய் லேசாகத் திறந்திருந்தது. 'எழுந்திருங்கள்' என்ற சொல் அங்கேயே இருப்பதுபோல் இருந்தது, ஆனால் வெளியே வரவில்லை. அந்த வார்த்தையை மறந்துவிட்டாரோ என்று எனக்குக் கவலை வந்துவிட்டது. சட்டையை இழுத்தேன். அவர் திரும்பவில்லை. படம் மேலே ஓடியது. கூடாரம் சரிந்தது, சமையல்காரன் மாவுத் தொட்டியில் விழுந்தான், அந்தத் தகப்பன் நாலாவது முறையாக ஏரியில் விழுந்தார். ஊர் முழுவதும் மண்டியிட்டபடியே சிரித்தது. பதினொரு நிமிடம். மணல்தான் என்றாலும் நடுவில் பொடிக்கல் உண்டு. படம் முடிந்து சாமியார் திரும்பிப் பார்த்துத் திடுக்கிட்டு, "என்னங்க இது? எந்திரிங்க, எந்திரிங்க," என்ற பிறகுதான் எழுந்தோம்.

விளக்குப் போட்டார்கள். படம் கொடுத்தவர்கள், ஜனங்கள் என்ன சொன்னார்கள் என்று கேட்டுவரச் சொல்லியிருக்கிறார்கள் என்றும், கருத்து நல்லபடியாக இருந்தால் அடுத்த கோடைக்கும் படம் தருவார்கள் என்றும் சாமியார் சொன்னார். ஒவ்வொருவராக எழுந்து பேசலாம்.

பீடிக்கடைக்காரர்தான் முதலில் எழுந்தார். "படம் நல்லாத்தான் இருந்துச்சுங்க சாமி. முட்டிதான் போயிடுச்சு."

முந்திரிக்கொல்லைக்காரர் ஒருவர், "அம்மாந்தண்ணி கெடக்குது. அத வச்சுக்கிட்டு ஒரு ஏக்கராகூட நடாம, படகுல ஒக்காந்து சண்ட போடுறானுவ. இதுல என்னாங்க பக்தி இருக்கு?" என்றார்.

சின்னம்மா உட்கார்ந்தபடியே சொன்னாள்: "அந்த ஆளு பொண்டாட்டி ஒருநாளும் அடுப்புப் பத்தவக்கில சாமி. கவனிச்சீங்களா? அதான் சிரிச்சுக்கிட்டே இருக்கா." பெண்கள் பக்கம் முழுவதும் அதை ஆமோதித்தது.

கடைசியில் ஊர்ப் பெரியவர் ஒருவர் கோலை ஊன்றி எழுந்தார். "எல்லாஞ் சரி. ஒரு அப்பன் பெத்த புள்ளைக்கி முன்னால மண்டி போடுறதா? இதெல்லாம் இங்க காட்டாதீங்க சாமி. பயலுவ கெட்டுப்போயிடுவானுவ. என்னா உபதேசியாரே, நா சொல்றது?"

எல்லாரும் அப்பாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணன் விஷயம் ஊருக்கே தெரியும். அவன் மெஷின் பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு நின்றிருந்தான். அப்பா சொல்வதுதான் ஊர்க்கருத்து. அதைத்தான் சாமியார் கொண்டுபோவார்.

அப்பா எழுந்தார். முழங்காலில் ஒட்டியிருந்த மணலைக்கூடத் தட்டவில்லை.

"அந்த எடம் சரியாத்தாங்க இருந்துச்சு," என்றார்.

"எந்த எடங்கிறீரு?"

"மண்டி போட்ட எடந்தான்."

சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். கருத்து சொல்வது அதோடு நின்றது.

வீட்டுக்கு நடந்தோம். அப்பா முன்னால், நான் நடுவில், அண்ணன் பின்னால். அம்மா எங்களுக்கும் பின்னால் வந்தாள். புளியமரம் தாண்டியதும் அப்பா நின்று, வழக்கம்போல் என்னைப் பார்த்து, "ஒங்கண்ணன..." என்று தொடங்கினார். நான் செய்தியை வாங்கிக்கொள்ளத் தயாராக நின்றேன். அவர் என்னைத் தாண்டிப் பின்னால் பார்த்தார்.

"முட்டி வலிக்குதாடா?" என்றார்.

அண்ணன் குனிந்து முட்டியைப் பார்த்தான். "இல்லப்பா," என்றான். பிறகு, "ஒங்களுக்கு?" என்று கேட்டான்.

"லேசா."

அவ்வளவுதான் பேச்சு. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். இனிமேல் கழுத்தைத் திருப்ப வேண்டியதில்லை. அப்பா என் தலையில் கையை வைத்தார். வீடு வரும்வரை எடுக்கவில்லை. அதுவரை அவர் என்னை அப்படித் தொட்டதில்லை. அண்ணனோடு பேசிவிட்ட மகிழ்ச்சி என்று எடுத்துக்கொண்டேன். சோறு போடும்போது அம்மா கருவாட்டில் பெரிய துண்டை என் தட்டில் வைத்து, நான் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். அவள் அழுததும் அதே மகிழ்ச்சியில்தான் என்று நினைத்தேன்.

அடுத்த வாரம் அப்பா என்னை அரியலூர் கடைத்தெருவுக்கு அழைத்துப்போய் இரண்டு வெள்ளைச் சட்டைக்கு அளவு கொடுக்கச் சொன்னார். ஒன்பதாம் வகுப்புக்கு வெள்ளைச் சட்டைதான் போல என்று நினைத்தேன். அதற்கு மறுநாள் அண்ணன் கொல்லைப்பக்கம் உட்கார்ந்து, தன் தகரப்பெட்டியின் மூடியில் வெள்ளைப் பெயிண்டால் எழுதியிருந்த பெயரை மண்ணெண்ணெய் தொட்டு அழித்துக்கொண்டிருந்தான். "பெட்டி யாருக்குண்ணே?" என்று கேட்டேன். அவன் தலையைத் தூக்கவில்லை. துணியை மடித்து மடித்து, அழிந்த இடத்தையே தேய்த்துக்கொண்டிருந்தான். நானும் பக்கத்தில் உட்கார்ந்து தேய்த்துக் கொடுத்தேன்.

ஒரு மகனை ஒப்புக்கொடுக்கிறேன் என்றுதான் அப்பா வேண்டியிருந்தார். எந்த மகன் என்று சொல்லியிருக்கவில்லை. இது வீட்டில் என்னைத் தவிர எல்லாருக்கும், புளியமரம் தாண்டி அப்பா வாயைத் திறந்த அந்த நிமிடமே, தெரிந்திருக்கிறது.

திடலில் அன்று டிக்கெட் கிடையாது. யாரிடமும் காலணா வாங்கவில்லை. எனக்கு அந்தப் படம், நானும் குருமடத்தை விட்டு வரும்வரை, ஆறு வருடம் எட்டு மாதம் ஆயிற்று.