கோடை மழையில் எழுந்து வந்தவள்

1957 கோடையில் என் மனைவி மதலேன் படுத்த படுக்கையாக இருந்தாள். உடம்பில் நோய் ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அதற்கு முந்தின கோடையில் எங்கள் ஒரே மகன் சவரி விஷக்காய்ச்சலில் போய்விட்டான். அவனுக்கு ஐந்து வயது. அடக்கம் முடிந்து வந்து படுத்தவள்தான், பிறகு சரியாக எழுந்திருக்கவில்லை. பேச்சு இல்லை. மகன் பெயரை ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. அழவும் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

கத்திரி வெயில் தொடங்கியதும், குடித்துக்கொண்டிருந்த கொஞ்சம் கஞ்சியும் குறைந்தது. இப்படியே போனால் இவளையும் பிள்ளைக்குப் பக்கத்தில் வைக்க வேண்டியதுதான் என்று நினைத்தேன்.

நான் முத்தியால்பேட்டையில் குடியிருந்து, பஞ்சாலையில் ராத்திரி வேலை பார்த்தவன். வேலை விட்டு வரும்போது கோவிலுக்குள் நுழைந்து மாதா முன்னால் நிற்பேன். மே மாதம், மாதாவின் வணக்க மாதம். "தாயே, நீயும் பிள்ளையைப் பறிகொடுத்தவள். அவளைத் தேற்று" என்பேன். அதோடு விடமாட்டேன். கனவில் வந்து பேசு, பங்குச் சாமியார் வாயில் நல்ல வார்த்தை கொடு, அவளுடைய அக்காளை அனுப்பு என்று வழியும் சொல்லிக் கொடுப்பேன். சாமியார் வந்தார். அக்காளும் வந்தாள். மதலேன் கண்ணைத் திறக்கவில்லை. எனக்கு வெறுத்துப்போய், செபமாலையை ஆணியில் மாட்டிவிட்டுச் சில நாள் தொடாமல் இருந்தேன்.

அந்தச் சமயத்தில் பக்கத்து வீட்டுக்குப் பாக்கியம் என்ற பெண் புதிதாகக் குடிவந்தாள். கிராமத்து இந்துப் பெண். புருஷனுக்கு எங்கள் ஆலையில்தான் வேலை. ஒரு நாள் கூடையோடு வந்து நின்றாள்.

"அண்ணே, எங்குளுது ஓட்டு வீடு. உங்க மாடியில வடகம் காய வச்சிக்கட்டுமா?"

துக்க வீட்டில் வடகம் போடமாட்டார்கள். வருஷம் திரும்பியும் எங்கள் வீட்டில் அந்தப் பேச்சே எழவில்லை. பாக்கியத்துக்கு இதெல்லாம் தெரியாது. மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும், சவரி பெயரை எடுக்க வேண்டும். எனக்கும் அது வாயில் வராது. "வச்சிக்கோம்மா" என்று சொல்லிவிட்டேன்.

இடித்த வெங்காயமும் பூண்டும் வெயிலில் புளிக்கிற வாசனை வீடெல்லாம் இறங்கியது. மதலேன் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இவளை இன்னும் நோகடித்துவிட்டோமே என்று எனக்கு வேதனை.

மறுநாள் மத்தியானம் நான் தூங்கிக்கொண்டிருந்தேன். திடீரென்று கோடை மழை பிடித்துக்கொண்டது. பாக்கியம் கடைத்தெருவுக்குப் போயிருந்தாள். மாடியிலிருந்து ஒரு குரல் கேட்டது.

"படுத்துனே கெடக்கறீங்களே, அந்த மொறத்த எடுத்தாங்க. எல்லாம் நனையுது."

ஒரு வருஷமாகப் படுத்திருந்தவள் என்னிடம் சொன்னது இது. முறத்தோடு ஓடினேன். தொப்பலாக நனைந்து, வடக உருண்டைகளை முந்தானையில் வாரிக்கொண்டு நின்றாள்.

இருவருமாகக் கூடத்தில் பரப்பினோம். பாக்கியம் ஓடி வந்ததும் மதலேன் பிடித்துக்கொண்டாள்.

"இப்டியா வைப்பாங்க? பொழுது போனா ஒடச்சி வுட்டு, காலைல திரும்ப உருட்டணும். உள்ள ஈரம் அப்டியே கெடக்குது பாரு."

"எனக்கு யாரும் சொல்லித் தரலக்கா."

மதலேன் ஒரு உருண்டையை உடைத்துக்கொண்டே, "சவரி இருந்திருந்தா இந்நேரம் எல்லாத்தையும் மிதிச்சித் தொவச்சிருப்பான்" என்றாள். பிறகு அழுதாள். சவரி யார் என்று தெரியாமலேயே பாக்கியம் அவளைக் கட்டிக்கொண்டாள். நான் முற்றத்துக்குப் போய் மழையில் நின்றுகொண்டேன். என் கண்ணீரும் அதில் போனது.

அன்று பொழுது சாய்ந்ததும் அவளே சோறு கேட்டாள்.

இது தற்செயல் என்று என் மைத்துனர் சொன்னார். இருக்கட்டும். நான் யாரிடம் கேட்டேன் என்று எனக்குத் தெரியும். கோடை என்றாலே இருண்டு கிடந்த வீட்டில், இப்போது சித்திரை பிறந்தால் இரண்டு பெண்களும் சிரிப்பும் சண்டையுமாக வெங்காயம் உரிக்கிறார்கள். வெயில் வருவதற்கு நான் காத்திருக்கிறேன்.

உங்கள் வீட்டிலும் யாராவது இப்படி ஒடுங்கிப்போனால் மாதாவிடம் சொல்லுங்கள். தினமும் சொல்லுங்கள். எப்படி எழுப்புவது என்று மட்டும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்காதீர்கள்.